அன்ரன் கேட்காமல் போன கேள்வி

எங்கள் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

"ஐந்து பேரைப் புதிதாக எடுத்திருக்கிறோம், அவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று மனேஜர் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்றவனை ஓய்வாக இருக்க விடவேண்டும். பிறகு, ஐந்து பேரில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்றார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அது எல்லோருக்கும். இது உங்கள் மூன்று பேருக்கும் மட்டும். தமிழ் வாசிக்க வராதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மா இடையில் நிறுத்தி உங்களை ஒரு பார்வை பார்ப்பார், போயும் போயும் துவக்குக் கடையிலா வேலை என்று. என் வீட்டிலும் அந்தப் பார்வை பல வருடம் இருந்தது.

நான் இந்த வேலைக்கு வரும்போது எனக்கு நாற்பத்தேழு வயது. அதற்குமுன், கனடாவுக்கு வந்து பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். முதுகு போய்விட்டது. அஜின்கோர்ட்டுக்கு வடக்கே ஒரு கடையில் நின்றுகொண்டு செய்யும் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வேட்டைக்காரர்களுக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கும் துப்பாக்கிச் சாமான் விற்கும் கடை என்பது நேர்முகத்துக்குப் போய்த்தான் தெரிந்தது. யுத்தகாலத்தில் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையோடு நிலத்தில் படுத்த ஆள் நான். முதல் மாதம் யாராவது ஒரு பெட்டியின் மூடியைச் சடாரென்று அடைத்தாலே நெஞ்சு அடிக்கும். ஆனாலும் முதுகு வலிக்கவில்லை. இருந்துவிட்டேன்.

என்னை நிறுத்திய இடம்தான் இன்று நீங்கள் நிற்கும் இடம், றீலோடிங் பகுதி. சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளை வீட்டில் திரும்ப நிரப்பித் தோட்டா செய்பவர்கள் வரும் பகுதி. கோது, வெடிமருந்து, சன்னம் என்னும் குண்டு, பிரைமர் என்று நான்கு சாமான். இதில் பிரைமர்தான் மிகச் சிறியது. பருப்பு அளவில் ஓர் உலோகக் கிண்ணம், கோதின் அடியில் இருக்கும். அதில் அடி விழுந்தால் பொறி, பொறி பட்டால் மருந்து எரியும். அவ்வளவுதான். எந்த இயந்திரத்தை எப்படிப் பூட்டுவது, எந்தப் புத்தகத்தில் எந்த அட்டவணை என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் தொடவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரே அளவில், ஒரே முகத்தோடு, வெவ்வேறு குணத்தில் பிரைமர்கள் இருக்கின்றன. கைத்துப்பாக்கிக்கான சாதாரணம் ஒன்று. அதே அளவில் மக்னம் என்று ஒன்று, அதன் பொறி சூடு கூடியது. பெட்டியை விட்டு வெளியே எடுத்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பதை நம்பவே முடியாது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் குழிக்குள் அழகாகப் போய் உட்காரும். உட்காருகிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது, உள்ளே அழுத்தம் கூடிவிடும். மாற்றினால் மருந்தின் அளவையும் புத்தகத்தைப் பார்த்து அடியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். புத்தகத்தில் அந்தச் சோடி இல்லையென்றால் செய்யவே கூடாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பாருங்கள். நான் மணிக்கூடு வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட வராது.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவர் என்னைவிட இருபது வயது இளைய ஒரு பெண். இப்போது மனேஜராக இருக்கிறாரே, அவர்தான். அப்போது அவருக்கு இருபத்தேழு. முதல் வருடம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஜாம் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரின் கண்ணாடிமேல் வைத்தார். உள்ளே பாதி அளவுக்குப் பிரைமர்கள், கலந்தபடி. செத்துப்போன நண்பரின் நிலவறையில் கிடைத்ததாம். எது எது என்று பிரித்துச் சொல்லச் சொன்னார். நான் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கக் கை நீட்டினேன். ஒன்று குலுங்கி வெடித்தால் போத்தல் முழுவதும் வெடிக்கும் என்று அந்தப் பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வைத்தது. பிறகு எல்லோரையும் மெதுவாகப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, இதைப் பிரிக்க எனக்குத் தெரியாது, இங்கே யாருக்கும் தெரியாது, எடுத்துப்போக ஆட்களைக் கூப்பிடப் போகிறேன் என்றது. கிழவர் கத்தினார். முப்பது வருடம் றீலோட் செய்கிறேன், உனக்கு என்ன தெரியும் என்றார். "தெரியாது என்றுதானே சொல்கிறேன்" என்று திரும்பவும் சொன்னது.

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது, அந்தப் பிள்ளைக்காக. கடைக்காரி தெரியாது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. வழி கேட்டவனுக்குத் தெரியாது என்று சொல்வதைவிடப் பிழையான வழியைக் காட்டிவிடும் சனம் நாங்கள். அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை எனக்கு ஒன்று சொல்லித் தந்தது. யார் எதை மாற்றிப் போடலாமா என்று கேட்டாலும், முதலில் மூன்றைக் கேள்: என்ன துவக்கு, இப்போது எவ்வளவு மருந்து போடுகிறாய், எந்தப் புத்தகம். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் வாயைத் திறக்காதே. நான் அதைப் பதினைந்து வருடம் கடைப்பிடித்தேன். பிறகு சில நாள் விட்டேன்.

இனி அன்ரனைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்ரன் மன்னார் ஆள். அஜின்கோர்ட்டில்தான் வீடு. அவரும் மனைவி ரெஜினாவும் வீட்டு நிலவறையில் கேக் செய்து கொடுப்பார்கள். ரெஜினா வேகவைப்பார், அன்ரன் ஐசிங் செய்வார். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று ஸ்காபரோவில் அவருடைய ஐசிங் ரோசாப்பூவைச் சாப்பிடாத தமிழர் குறைவு. தடித்த விரல்கள்தான். ஆனால் அந்த விரல்களால் இதழ் இதழாகப் பிழிந்து ஒரு பூவை எழுப்பும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், மூச்சு விடமாட்டார். பூ முடிந்தபிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, "எப்பிடியண்ணை?" என்பார்.

அவருக்குச் சுடும் விளையாட்டு எப்படிப் பிடித்தது என்று பலர் கேட்டதுண்டு. முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர் ஒருவர் கிளப்புக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியது. ரெஜினாவுக்கு அது கண்ணில் காட்டக் கூடாது. "அங்க உதுக்குப் பயந்து ஓடி வந்தம். இஞ்ச காசு குடுத்து உந்தத் துவக்கை வாங்கிறார். நீங்களாவது சொல்லுங்கோ யோகண்ணை" என்று என்னிடம் முறையிடுவார். விற்பவனிடமே முறைப்பாடு. அன்ரன் சிரிப்பார்.

"அந்தச் சுடுற கோட்டில நிக்கேக்க தலைக்குள்ள ஒண்டும் இல்லை அண்ணை. மற்ற நேரமெல்லாம் ஏதோ ஒண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அங்க மட்டும் இல்லை" என்று ஒருமுறை சொன்னார். தலைக்குள் என்ன ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வயதில் உள்ளவர்களிடம் அதைக் கேட்பதில்லை.

அவரிடம் இருந்தது ஒரேயொரு பழைய றிவோல்வர். புதிதாக ஒன்று வாங்க நினைத்துக்கொண்டிருந்தபோது கைத்துப்பாக்கி விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. இருப்பதை வைத்துக்கொள்ளலாம், இன்னொன்று வாங்க முடியாது. ஆகவே அந்தப் பழசோடுதான் காலம் ஓட்டினார். அதற்கு அவர் போடும் மருந்தின் அளவும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் உள்ள மேல்விளிம்புக்குக் கிட்ட. "கொஞ்சம் கீழ இறங்குமன், உனக்கென்ன அவசரம்" என்று நானே ஏசியிருக்கிறேன். "இறங்குவம் அண்ணை, இறங்குவம்" என்பார். இது எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைமர் தட்டுப்பாடு வந்த காலத்தை நீங்கள் பார்க்கவில்லை. நோய்க்காலத்தில் தொடங்கியது, பிறகும் வருடக்கணக்கில் இழுபட்டது. வெற்றுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்றோம். எப்போதாவது ஒரு பெட்டிக் கட்டு வந்தால் எப்படியோ செய்தி பரவி, காலையில் கதவு திறக்குமுன் வாசலில் வரிசை நிற்கும். ஒருவருக்கு ஒரு பெட்டி என்று சட்டம் வைத்தோம். சண்டை பிடித்தார்கள், கெஞ்சினார்கள், ஒருவர் அழுதும் காட்டினார்.

அந்தக் காலத்தில் நான் ஒரு களவு செய்தேன். நல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், என் மச்சானுக்குத் தெரிந்தவர், வேலை முடிந்துதான் வரமுடியும் என்று கேட்டதால் ஒரு பெட்டியைக் கவுண்டருக்குக் கீழே எடுத்து வைத்தேன். எங்கட ஆள்தானே. அதை வரிசையில் நின்ற யாரோ கண்டுவிட்டார். இரண்டு நாளில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு போனது: றீலோடிங் பகுதியில் நிற்கும் இந்தியன் தன் ஆட்களுக்கு ஒளித்து வைத்துக் கொடுக்கிறான் என்று. நான் இந்தியன் இல்லை என்பதைத் தவிர அதில் எல்லாம் உண்மை. மனேஜர் என்னைக் கூப்பிட்டு, இன்னொருமுறை நடந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்றால், தமிழர் யார் வந்தாலும் முகத்தை இறுக்கிக்கொண்டேன். வெள்ளைக்காரர் வந்தால் முன்போலவே துவக்கு என்ன, மருந்து எவ்வளவு, புத்தகம் எது என்று ஆறுதலாக, நேரமெடுத்துக் கேட்பேன். எங்கள் ஆட்கள் வந்தால் ஆங்கிலத்தில் நறுக்கென்று பதில் சொல்லி அனுப்பினேன். பார்ப்பவர்களுக்கு நான் பக்கம் சாயாதவன் என்று தெரியவேண்டுமல்லவா. நீதியாக நடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளே, உங்களுக்கும் இது வரும். கவுண்டருக்கு முன்னால் அன்ரியோ அங்கிளோ வந்து நின்று தமிழில் தொடங்கும்போது, பின்னால் நிற்பவனின் முகத்தைப் பார்த்து உங்களுக்குக் கூச்சம் வரும். வராது என்று இப்போது சொல்வீர்கள். எனக்கும் வராது என்றுதான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பிரைமர் வந்திருந்தது. மக்னம் மட்டும். சாதாரணம் ஒன்றுகூட இல்லை. வரிசை வாசலைத் தாண்டி வாகனத் தரிப்பிடம் வரைக்கும் நின்றது. அன்ரன் நடுவில் நின்றார். என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை உயர்த்தினார். நான் காணாததுபோல் குனிந்துகொண்டேன். அவருடைய முறை வந்தது.

"அண்ணை, இது மக்னம் எல்லே? என்ரை பழசுக்குப் போடலாமோ?"

நல்ல கேள்வி. கேட்கவேண்டிய கேள்வி. அவருக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த முறைப்பாட்டை எழுதியது அவர்தானோ என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அவராக இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் வரிசையில் நின்ற எல்லோருமே அவராகத்தான் தெரிந்தார்கள்.

"சேம் சைஸ். இற் வில் பிற். நெக்ஸ்ற்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்ரனின் வாய் திறந்தது. இன்னொன்று கேட்கப் போகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. கண்டேன். கண்டுகொண்டுதான் தொப்பிக்காரரைப் பார்த்து "யெஸ், சேர்" என்றேன். அன்ரன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரியண்ணை, சரி" என்று சிரித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் பொய் சொல்லவில்லை. அளவு ஒன்றுதான். குழிக்குள் போகும்தான். இதை நான் பிறகு எத்தனையோ தரம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட ஆறுதல் தந்ததில்லை.

அடுத்த ஞாயிறு கிளப்பில் அது நடந்தது. ஆறாவதோ ஏழாவதோ தோட்டா. றிவோல்வர் கையிலேயே பிளந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கையின் பெருவிரல் முதல் மூட்டோடு போய்விட்டது. சுட்டுவிரலை மருத்துவர்கள் காப்பாற்றினார்கள், ஆனால் அது மடங்காது. கிளப்பில் விசாரித்தவர்கள் காரணம் ஒன்று மட்டும் இல்லை என்றார்கள். பழைய துவக்கு, அதில் முன்பே ஒரு கீறல் இருந்திருக்கலாம். மருந்து மேல்விளிம்பில் இருந்தது. பிரைமர் மாறியிருந்தது. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் தப்பிப் போயிருக்கக்கூடியது, மூன்றும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டன என்று எழுதினார்கள். அந்த மூன்றில் இரண்டு எனக்கு முன்கூட்டியே தெரியும். மூன்றாவதை நானே பையில் போட்டுக் கொடுத்தேன்.

எனக்குச் செய்தி திங்கட்கிழமை மதியம் கடையில் வைத்துத் தெரிந்தது. சொன்னவர் கிளப்பில் இருந்து வந்த வாடிக்கையாளர். உங்கள் ஆள் ஒருவருக்கு இப்படி என்று சொன்னார். அன்று முழுவதும் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் வேலை செய்தேன். செவ்வாயும் சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அப்படி ஒரு செவ்வாய் வரலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். அன்ரனின் கையைவிட என் வேலையைப் பற்றித்தான் அந்த இரண்டு நாளும் கூட நினைத்தேன்.

புதன்கிழமை காலை மனேஜரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியோடு எச்சரிக்கைத் தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது, நீ சொன்ன வசனத்தில் பிழை இல்லை, கடைக்கு இதில் பொறுப்பு வராது என்றார். தலைமை அலுவலகமும் அதையே சொல்லியது. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழும்பப்போன என்னை அவர் நிறுத்தினார்.

"மூன்றையும் கேட்டாயா?"

"இல்லை."

"உனக்குத் தெரியாதா?"

"எல்லாம் தெரியும். அவருடைய துவக்கும் தெரியும், அளவும் தெரியும்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது நீங்கள் நிற்கும் அந்தத் தனிக் கவுண்டர், காசு வாங்காத கவுண்டர், கேள்விக்கு மட்டும் என்று பலகை மாட்டியது, அந்தக் கிழமைக்குப் பிறகு அவர் தலைமை அலுவலகத்தோடு சண்டை பிடித்துக் கொண்டுவந்தது. அங்கே நிற்பவருக்கு வரிசை தெரியாதபடி தட்டுகளைக் குறுக்கே வைக்கச் செய்ததும் அவர்தான். ஏன் இப்படி மறைத்து வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் வரவில்லை என்று உங்களில் ஒருவர் குறைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். காரணம் இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவில்லை. அன்ரன் வீடு திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். கை முழுவதும் கட்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது, நான் உன்னைத் துரத்திவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று. அன்ரன் முடிக்க விடவில்லை.

"சும்மா இருங்கோ அண்ணை. தாள் தந்தவையள், வாசிச்சிருக்க வேணும். நான் வாசிக்கேல்லை. என்ரை கொழுப்பு. கிளப்பிலயும் அப்பிடித்தான் சொன்னனான்."

"அன்ரன், நீ என்னட்டக் கேட்டனி."

"கேட்டனான். நீங்கள் சைஸ் ஒண்டு எண்டனியள். அது சரிதானே. விடுங்கோ. ரெஜினா, அண்ணைக்குத் தேத்தண்ணி."

பிறகு கனடாக் குளிரைப் பற்றியும், விட்பியில் வீடு வாங்கியிருக்கும் மகளின் கலியாணத்தைப் பற்றியும் கதைத்தார். கலியாணம் மூன்று மாதத்தில் இருந்தது. மகளின் கேக்கை எப்படிச் செய்வது என்று அவர் மனதுக்குள் வருடக்கணக்கில் திட்டம் வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஐந்து தட்டு, உச்சியிலிருந்து அடிவரைக்கும் மல்லிகைக் கொடி என்று எனக்கு ஒருமுறை கடைத் துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டியிருக்கிறார். அன்று அவர் கேக் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ரெஜினா தேத்தண்ணி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெளிக்கிட்டபோது வாசல்வரை வந்தார். வெளியே பனி தூறியது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது கதவைப் பின்னால் சாத்திவிட்டு நின்றார், அன்ரனுக்குக் கேட்காதபடி.

"யோகண்ணை, அவர் உங்களுக்குச் சொல்லமாட்டார். நான் சொல்லுறன். அண்டைக்கு அவர் உங்களட்ட இன்னொண்டு கேக்க வேணும் எண்டுதான் வந்தவர். மருந்தைக் குறைக்க வேணுமோ எண்டு."

"தெரியும் பிள்ளை. கேக்க வாயெடுத்ததை நான் கண்டனான்."

"ஏன் கேக்கேல்லை எண்டு நான் சண்டை பிடிச்சனான். அண்ணையில ஏற்கெனவே ஆரோ பிழை எழுதிப் போட்டாங்களாம், தமிழ் ஆக்களோட மினக்கெடுறார் எண்டு. என்னால அந்த மனுசன்ர வேலைக்குக் கரைச்சல் வரக்கூடாது எண்டு பேசாமல் வந்திட்டன் எண்டார்."

அந்த முறைப்பாட்டைப் பற்றி அன்ரனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். எங்கள் ஊர்ச் சனத்துக்குள் எது தெரியாமல் இருக்கும். அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்து வரிசையில் நின்றிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் கையை உயர்த்தினார். நான் குனிந்ததையும் கண்டிருப்பார்.

ரெஜினா இன்னும் முடிக்கவில்லை.

"உடன வீட்டை வரேல்லை அண்ணை. சனம் குறையட்டும், பேந்து போய்க் கேப்பம் எண்டு கார்ப் பாக்கிங்கில இருந்தவர். ஒண்டரை மணித்தியாலம். நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டனான். பின்னேரம் ஒரு சாமத்திய வீட்டுக்குக் கேக் குடுக்க இருந்தது. 'வாறன் வாறன், அண்ணையோட ஒண்டு கதைச்சிட்டு வாறன்' எண்டவர். நான் ஏசினனான். அதோட வந்திட்டார்."

அதைச் சொன்னபோதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. இவ்வளவு நாளும் அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் அவர் தன் தலையில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். உன் பிழை இல்லை பிள்ளை என்று நாலு சொல் சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காருக்கு நடந்தேன்.

பிறகு நாலு வருடம் வேலை செய்தேன். யாரையும் மூன்று கேள்வி கேட்காமல் விட்டதில்லை. தமிழர் வந்தால் தமிழில்தான் கதைத்தேன், பின்னால் நின்றவர் இருமினாலும் செருமினாலும். இதனால் அன்ரனின் பெருவிரல் முளைக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் செய்தேன். மகளின் கலியாணத்துக்குக் கேக்கைக் கடையில் வாங்கினார்கள். நல்ல கேக். நான் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன், அன்ரன் பக்கத்து மேசையிலிருந்து இடது கையால் ஒரு துண்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

ரெஜினாவிடம் அன்று சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்ரன் காரில் காத்திருந்த அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் வரிசை கரைந்துவிட்டது. பெட்டிகள் முடிந்துபோனதால் சனம் போய்விட்டது. நான் கதவடிக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தேன். தரிப்பிடத்தின் மறுகரையில் அன்ரனின் நீலக் கார் நின்றது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. போய்க் கண்ணாடியில் தட்டி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம், ஐம்பது அடிகூட இல்லை. இப்போது வெளியே போய் எங்கட ஆளோடு கதைத்துக்கொண்டு நின்றால் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே வந்து, பின்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது கார் போய்விட்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.